பக்கத்து வீட்டு ராக்கெட் சத்தம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜனவரி மாதம் நடந்தது இது. டெக்சாஸில், டாலஸ் பக்கத்தில் இருக்கும் காப்பெல் என்ற ஊரில் நான் தனியாக இருந்தேன். என் கணவருக்கு வேலை போய், அடுத்த வேலை நியூ ஜெர்சியில்தான் கிடைத்தது. கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. விசாவில் இருக்கிறவர்கள் இங்கே வேலை இல்லாமல் ரொம்ப நாள் உட்கார்ந்திருக்க முடியாது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். பையன் காலேஜுக்கு ஆஸ்டின் போய்விட்டான். எனக்கு ஒரு கிளினிக்கில் இன்சூரன்ஸ் பில் போடுகிற வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யலாம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் நேரில் போக வேண்டும். என் வேலையும் போய்விடக் கூடாது என்று நான் மட்டும் தங்கிவிட்டேன். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரே ஒரு பெட்ரூம் உள்ள அபார்ட்மெண்டுக்கு மாறினேன்.

நான் ஈரோட்டுக்காரி. பிறந்த வீட்டிலும் கூட்டம், புகுந்த வீட்டிலும் கூட்டம். அதுவரைக்கும் தனியாக ஒரு வீட்டில் படுத்துத் தூங்கினதே கிடையாது. ஆரம்பத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது. டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம், சட்டை தேய்க்க வேண்டாம். ஒரு மாதம் போனதும் வீடு வேற மாதிரி ஆகிவிட்டது. காலையில் கிளினிக்கிலிருந்து ஃபோன் வரும். ஹலோ சொல்லப் போனால் குரல் வராது, கரகரவென்று அடைத்துக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வாயையே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அந்த வீட்டில் எனக்குத் துணை என்று இருந்தது ஒரு சத்தம்தான்.

என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு வீடு. தினமும் மதியம், நான் சோற்றைத் தட்டில் போடுகிற நேரத்துக்கு, அங்கிருந்து டமடமவென்று டிரம் சத்தம் கேட்கும். அப்புறம் டிரம்பெட். கொஞ்ச நேரம் கழித்து ராக்கெட் கிளம்புகிற மாதிரி ஒரு உறுமல். இங்கே அபார்ட்மெண்ட் சுவரெல்லாம் உள்ளே வெறும் மரச்சட்டமும் அட்டையும்தான். எனக்குத் தட்டே அதிரும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அபார்ட்மெண்டை நிர்வகிக்கிற லீசிங் ஆபீசில் கம்ப்ளெய்ண்ட் பண்ணலாம் என்று இரண்டு தடவை இறங்கிப் போய், பாதி வழியில் திரும்பி வந்தேன். அப்புறம் பழகிவிட்டது. பழகினது மட்டும் இல்லை, அந்த டிரம் கேட்டால்தான் எனக்குப் பசியே எடுக்கும் என்று ஆகிப் போனது.

அந்த வீட்டுக்காரரை ஒரு நாள் தபால் பெட்டி பக்கத்தில் பார்த்தேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வெள்ளைக்காரர். ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் ஏர்போர்ட் அடையாள அட்டை மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேடம், என் டிவி சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா? விமானத்துக்குப் பக்கத்துலயே நின்னு பெட்டி ஏத்தி ஏத்தி என் காது போயிடுச்சு. எவ்வளவு சத்தமா வெச்சிருக்கேன்னே எனக்குத் தெரியாது."

தொந்தரவு இல்லை என்று சொல்லிவிட்டு, மனசில் இருந்த கேள்வியைக் கேட்டேன். "தினமும் ஒரே மாதிரி கேக்குதே, அது என்னங்க? யுத்தப் படமா?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "பொம்மைங்க நடிக்கிற தொடர், மேடம். நான் சின்னப் பையனா இருந்தப்போ வந்தது. யாராவது எங்கேயாவது மாட்டிக்கிட்டா ராக்கெட்ல போய்க் காப்பாத்துவாங்க. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டுத்தான் கிளம்புவேன்."

இந்த வயசில் பொம்மைப் படமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் பொழுது போகாமல் அந்தத் தொடரை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே பொம்மைகள்தான். பெரிய தலை, சின்ன உடம்பு. உதடு மட்டும் லபக் லபக் என்று அசையும். நடக்கும்போது கால் தரையில் பாவாமல் ஒரு துள்ளல். உற்றுப் பார்த்தால் தலைக்கு மேலே நூல்கூடத் தெரிந்தது. ஆனால் வாகனங்களை எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள் தெரியுமா! புகை, தூசி, துருப்பிடித்த மூலை வரைக்கும். பூமிக்கு அடியில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை மீட்கிற கதை ஒன்று. சிரித்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தவள், கடைசியில் கதவு திறக்குமா திறக்காதா என்று தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பையனுக்கு மெசேஜ் அனுப்பினேன். "Lol Amma" என்று பதில் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே ஐஸ் மாதிரி மழை. அன்றைக்குச் சமையல் தாமதம், மத்தியானக் குழம்புக்கு அப்போதுதான் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் ஆரம்பித்தது. குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கி, சாப்பிட உட்கார்ந்தேன். டிரம், டிரம்பெட், ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் டிரம், டிரம்பெட், இடைவெளி. ராக்கெட் கிளம்பவே இல்லை. பேச்சுக்குரலும் இல்லை. அதே துண்டு இசை, அறுந்த மாதிரி நின்று, திரும்பவும் முதலிலிருந்து.

என் பையன் சின்னவனாக இருந்தபோது கார்ட்டூன் டிவிடி போடுவேன். போட்டதும் முதலில் ஒரு பக்கம் வரும். அதில் 'ப்ளே' அழுத்துகிறவரை ஒரே இசையைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கும். அதுதான் இது என்று புரிந்தது. மனுஷன் டிஸ்க்கைப் போட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். இந்தியன் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு, அங்கே கறிவேப்பிலை பக்கத்தில் நின்று ஒரு தெரியாத ஆன்ட்டியோடு வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. காரை நிறுத்தும்போது பார்த்தால் அவருடைய பிக்கப் டிரக் அங்கேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை உண்டு. அந்த நேரத்தில் அந்த டிரக்கை நான் அங்கே பார்த்ததே இல்லை. மேலே போய்க் கதவைத் திறந்தால், அதே டிரம். அதே டிரம்பெட். அதே இடைவெளி.

காய்கறிப் பையை அப்படியே கீழே வைத்தேன்.

நியூ ஜெர்சிக்கு ஃபோன் போட்டேன். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடிச்சுட்டுத் தூங்கியிருப்பான். நீ ஒருத்தியா இருக்கிறே, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவியா? போலீஸ் கீலீஸுன்னு ஏதாவது ஆச்சுன்னா நம்ம நிலைமை என்ன? கிரீன் கார்டு பேப்பர் எல்லாம் பாதியில நிக்குது. பேசாம ஹெட்ஃபோன் போட்டுக்கோ" என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எனக்கும் அந்த பயம்தான். இந்த ஊரில் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவர்கள். எதிலும் பெயர் அடிபடக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது. ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கூடப் பார்த்தேன். பாட்டு எதுவும் போடவில்லை. சும்மா காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் சுவர் அதிர்வது நாற்காலியில் தெரிந்தது.

கழற்றி வைத்துவிட்டு வெளியே போனேன்.

பெல் அடித்தேன். கதவைத் தட்டினேன். "சார், ஹலோ சார்" என்று கூப்பிட்டேன். உள்ளே அந்த இசைதான். கதவில் காதை வைத்துக் கேட்டேன். எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. லீசிங் ஆபீசுக்கு ஃபோன் பண்ணினால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று ரெக்கார்டிங் பேசியது. வேறு வழி தெரியவில்லை. அவசர உதவிக்கான நைன் ஒன் ஒன் போட்டேன்.

என்ன எமர்ஜென்சி என்று ஒரு பெண் குரல் கேட்டது. என்ன சொல்வது? பக்கத்து வீட்டு டிவியில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று சொன்னேன். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று புகார் செய்கிறீர்களா என்றாள். இல்லை இல்லை என்று பதறி, டிரக், வேலை நேரம், டிவிடி, ப்ளே பட்டன் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். என் இங்கிலீஷ் எனக்கே புரியவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி மேடம். அவர் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறோம். அவர் எப்போது சாப்பிடுவார், எப்போது கிளம்புவார், எந்த இசைக்கு அப்புறம் எந்த இசை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெயர் தெரியாது. கதவு எண்ணை மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் போலீஸ் வந்தாள். என் பையனை விட நாலைந்து வயசு பெரியவளாக இருப்பாள். அவளும் தட்டிப் பார்த்தாள். "டிவி ஓடிட்டுதானே இருக்கு, வீட்ல இல்லாமகூட இருக்கலாமே?" என்று கேட்டாள்.

"அவர் அதை ஒரு நாளும் பாக்காம விட்டதில்ல" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள் என்று தோன்றியது. ஆனால் ஃபோனை எடுத்து அபார்ட்மெண்ட்டின் அவசர எண்ணைக் கூப்பிட்டாள். ரிப்பேர் வேலை பார்க்கிற ஆள் சாவியோடு வந்து கதவைத் திறந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் சமையலறைத் தரையில் கிடந்தார். மைக்ரோவேவ் கதவு திறந்தபடி இருந்தது. தரையில் சூப் கொட்டிக் காய்ந்து போயிருந்தது. மத்தியானம் டிஸ்க்கைப் போட்டுவிட்டு, சூப்பைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது வழுக்கியிருக்கிறது. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அசைய முடியவில்லை. ஃபோன் ஹாலில். வேலையிடத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அது அடித்து ஓய்ந்திருக்கிறது. அவர் கத்தியிருக்கிறார். ஆனால் அந்த டிவி சத்தத்துக்கு மேல் அவர் குரல் எங்கே கேட்கும்? முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. பேன்ட் நனைந்திருந்தது. நான் பார்க்கக் கூடாது என்று அவர் கையால் மறைக்கப் பார்த்தார். நான் சட்டென்று சோபாவில் கிடந்த போர்வையை எடுத்து மேலே போட்டேன்.

போலீஸ்காரி மண்டியிட்டு ஏதேதோ கேட்டாள். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "தயவுசெஞ்சு முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்க" என்றார்.

ரிமோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. டிவியில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் சத்தம் இன்னும் கூடியது. கடைசியில் பின்னால் கையை விட்டு, வயரைப் பிடித்து இழுத்துவிட்டேன். சட்டென்று ஒரு அமைதி. அந்த அமைதியில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. சின்னப் பிள்ளை தேம்புகிற மாதிரி.

அப்போதுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். டிவிக்கு எதிரே ஒரு சோபா, ஒரு சின்ன மேஜை, ஒரு தட்டு, ஒரு ஸ்பூன். சுவரில் ஒரு படம்கூட இல்லை. என் வீட்டைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாருமில்லை என்று தலையை ஆட்டினார். என்னை அறியாமல் நான் முன்னால் போய், "பக்கத்து வீடு, என் நம்பரை எழுதிக்கோங்க" என்றேன். பெயர் அடிபடக் கூடாது என்று அத்தனை நாள் பயந்தவள், எழுத்துக் கூட்டி என் முழுப் பெயரையும் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவரும் அவர் பெயரைச் சொன்னார். என் பெயரை அவரால் கடைசிவரை சரியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். "நல்லவேளை, நான் சொன்னதை நீ கேக்கல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏம்மா, இங்க எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவரும் அங்கே ஒரு ரூமில் தனியாகத்தான் இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் என் ஃபோனில் அந்தப் பொம்மைத் தொடரைப் போட்டேன். இரண்டு பேரும் ஒரு கதை முழுக்கப் பார்த்தோம். அவருடைய அண்ணனும் அவரும் சின்ன வயசில் தரையில் படுத்துக்கொண்டு இதைப் பார்ப்பார்களாம். அண்ணன் இறந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. மனைவி பிரிந்து போனதைப் பற்றி ஒரு வரி மட்டும் சொன்னார். நானும் தூண்டிக் கேட்கவில்லை.

திடீரென்று, "நீங்க வீட்டுக்குள்ள மரவேலை செய்றீங்களா, மேடம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"காலையிலயும் மத்தியானமும் ஏதோ மெஷின் ஓட்டுறீங்களே. எனக்குச் சத்தம் கேக்காது. ஆனா என் சமையலறைச் சுவர் நடுங்கும். கைய வெச்சுப் பாப்பேன்."

மிக்ஸி! எங்கள் ஊர் மிக்ஸியை இங்கே கொண்டுவந்து ஓட்டினால் அப்படித்தான், கட்டடமே ஆடும். சட்னி அரைக்கிறேன் என்று விளக்கினேன். அவ்வளவு பெரிய சத்தம் தேங்காய்க்கா என்று அவர் சிரிக்கப் போய், இடுப்பு வலித்து முகத்தைச் சுளித்தார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு விழுந்து கிடந்தப்போ என் முதுகு அந்தச் சுவர்லதான் சாஞ்சிருந்தது. சுவர் நடுங்குச்சு. சரி, அந்தம்மா வீட்லதான் இருக்காங்கன்னு தெரிஞ்சுது. அந்தத் தைரியத்துலதான் கத்தினேன். அப்புறம் நடுக்கம் நின்னுடுச்சு. உங்க கதவு மூடினது தரையில தெரிஞ்சுது. நீங்க வெளிய போயிட்டீங்க. அதுக்கப்புறம் நான் கத்தல."

என் வீட்டில் நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்க ஆளில்லை என்று நினைத்து எத்தனை நாள் அழுதிருக்கிறேன். நான் அடுப்படிக்கு வருவதைச் சுவரில் கை வைத்துத் தெரிந்துகொள்கிற ஒருத்தர் அந்தப் பக்கமே இருந்திருக்கிறார். இரண்டு பேருமே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் அந்த அபார்ட்மெண்டுக்குத் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபி கொடுக்கிற இடத்துக்குப் போனார். அங்கேயும் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒரு தடவை என் கணவர் வந்திருந்தபோது அவரும் கூட வந்தார். இரண்டு ஆண்களும் விமானங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்புறம் ஓக்லஹோமாவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தார். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவராம். வீட்டைக் காலி செய்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எப்போதாவது மெசேஜ் வரும். வாக்கர் இல்லாமல் நடக்கிறேன், இங்கே பனி பெய்கிறது, அவ்வளவுதான்.

அவர் போனபிறகு அந்தச் சுவர் ரொம்ப அமைதியாகிவிட்டது. இரண்டு மாதம் வீடு காலியாகவே கிடந்தது. மத்தியானம் தட்டோடு உட்கார்ந்தால் சோறு இறங்காது. நல்லதைச் செய்தால் தனிமை போய்விடும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது போகவில்லை. முன்னை விடக் கூடினது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி குடி வந்தது. பெட்டிகளைக்கூட இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். போய்க் கதவைத் தட்டி என் பெயரைச் சொன்னேன், அவர்கள் பெயரைக் கேட்டு வந்தேன். அந்தப் பெண் கொஞ்சம் மிரண்டுதான் போனாள். அதனால் பெரிய சிநேகிதம் ஒன்றும் வந்துவிடவில்லை. பார்த்தால் கை காட்டுவோம். என் கணவரும் நியூ ஜெர்சியில் மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர் பெயரெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு எனக்கு ஃபோனில் சொல்கிறார்.

எனக்குப் பெரிய தைரியமெல்லாம் கிடையாது. இப்போதும் முன்பின் தெரியாத ஒரு வாசலில் போய் நின்றால் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அந்தப் படபடப்பு எனக்குத்தானே, உள்ளே இருக்கிறவருக்கு என்ன ஆச்சோ என்று நினைத்துக்கொண்டு தட்டிவிடுகிறேன்.